கறுப்புச் சட்டை போடும் முன்: பன்னிரண்டு அறிவுரைகள்

சிங்கப்பூரின் காத்தோங் பக்கத்துப் பிள்ளைகள் என்னை அங்கிள் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘மண்டையோட்டுத் தாத்தா’ என்கிறார்கள் என்பதும் தெரியும், வருத்தமில்லை. அறுபதை நெருங்கும் ஒரு தமிழன், அப்படியொரு படம் போட்ட சட்டையோடு ஜூ சியாட் சாலைக் காப்பிக்கடையில் உட்கார்ந்து கோப்பி ஓ குடித்தால் வேறென்ன சொல்வார்கள்? அந்தப் பிள்ளைகளில் சிலர் அண்மையில் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரத் தொடங்கியிருக்கிறார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “அங்கிள், மெட்டல் கேக்கணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கிறது? புதுசா பேண்ட் எப்படித் தேடுறது?”

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது; எழுதிவிட்டேன். அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சாரத்தைச் சொல்லிவிடுகிறேன்: நல்ல இசைக்குழு ஆள் வழியாக வரும். யார் வாசித்தார்கள், யார் பதிவு செய்தார்கள், யார் யாருக்கு நன்றி சொன்னார்கள் என்று ஆட்களைத் தொடர்ந்து போனால் ஆயுளுக்கும் கேட்கக் கிடைக்கும். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

1. வீட்டுக்குப் பக்கத்தில் தொடங்கு

இங்கிலாந்து, அமெரிக்கா, நார்வே எல்லாம் அப்புறம். முதலில் இந்தத் தீவில் யார் வாசிக்கிறார்கள் என்று பார். ருத்ரா என்றொரு குழு 1992இல் இங்கே தொடங்கியது. பாடுவதும் பேஸ் கிட்டார் வாசிப்பதும் கதிர், டிரம்ஸ் சிவா. டெத் மெட்டலின் இரைச்சலுக்குள் சமஸ்கிருத மந்திரங்களையும் தம்பூராவையும் வேதாந்தக் கருத்துகளையும் கொண்டுவந்தார்கள். தங்கள் பாணிக்கு ‘வேதிக் மெட்டல்’ என்று பெயரும் வைத்தார்கள். முதல் ஆல்பம் 1998இல். நீ 2005இல் வந்த ‘பிரம்மவித்யா: பிரைமோர்டியல் ஐ’யில் தொடங்கலாம். அது ஒரு முத்தொகுப்பின் முதல் பாகம்; மற்ற இரண்டும் 2009, 2011இல் வந்தன. 2022இல் வந்த ‘எய்ட் மகாவித்யாஸ்’ வரை தளராமல் வாசிக்கிறார்கள். இவர்களைப் பற்றியும் சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகத்தைப் பற்றியும் இங்கே தேசியக் கல்விக் கழகத்தின் யூஜின் டைரியானாதன் 2009இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

ஏன் இங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன்? அம்மா வெள்ளிக்கிழமை சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலுக்குக் கூட்டிப்போகிறார் இல்லையா, அங்கே காதில் விழும் மந்திரத்தின் ஏற்ற இறக்கம் இந்தப் பாட்டிலும் வரும். அந்நியம் என்று நீ நினைத்த சத்தத்துக்குள் தெரிந்த ஒன்று கேட்கும். உள்ளே நுழைய அந்த ஒரு பிடி போதும்.

2. யார் முதல் என்று சண்டை போடாதே, அடிமரத்தைத் தெரிந்துகொள்

நம் ஊர் லக்சா கடைகளில் எது அசல் காத்தோங் லக்சா என்று கேட்டுப் பார். ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி இருக்கும், கிண்ணம் ஆறிப்போகும். ஹெவி மெட்டலை முதலில் வாசித்தது யார் என்ற வாதமும் அப்படித்தான். பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் நாள் ஒன்று இருக்கிறது: 1970 பிப்ரவரி 13, பிளாக் சப்பத்தின் முதல் ஆல்பம் வெளியான நாள். அதை வைத்துக்கொண்டு மேலே போ.

அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பதினேழு வயதில், வேலையை விட்டு நிற்க வேண்டிய கடைசி நாளில், இயந்திரம் வலது கையின் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவர் இடது கைக்காரர். தந்தியை அழுத்தும் கை அதுதான். இனி வாசிப்பு இல்லை என்று இருந்தவரிடம் அவருடைய மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் மேதையின் தட்டு. தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் உலகம் வியக்க வாசித்தவர் அவர். ஐயோமி பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், மெல்லிய தந்தி போட்டார், பின்னாளில் தந்தியின் இறுக்கத்தையும் குறைத்தார். கனத்து இறங்கும் அந்த ஒலி அப்படி வந்தது. இதில் நீ கவனிக்க வேண்டியது அந்த மேலாளரை. மெட்டலின் வரலாறே ஒருவர் இன்னொருவர் கையில் சரியான நேரத்தில் கொடுத்த ஓர் இசைத்தட்டிலிருந்து கிளைத்திருக்கிறது.

அடிமரத்தின் மற்ற கிளைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் ஜூடாஸ் பிரீஸ்ட், அயன் மெய்டன். 1983இல் மெட்டாலிக்காவின் முதல் ஆல்பம். 1986 ஒரு பொன்னாண்டு: மெட்டாலிக்காவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’, மெகாடெத்தின் ‘பீஸ் செல்ஸ்’, ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் பிளட்’ மூன்றும் அதே ஆண்டு. 1987இல் ஃபுளோரிடாவிலிருந்து டெத் என்ற குழுவின் முதல் ஆல்பம். டெத் மெட்டல் கிளையின் முன்னோடிகளில் ஒன்று அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நார்வேயின் பிளாக் மெட்டல். இவ்வளவு தெரிந்தால் போதும். இனி எந்தப் புதுக் குழு வந்தாலும் எந்தக் கிளை என்று ஊகிக்கலாம்.

3. அட்டையின் சின்ன எழுத்தைப் படி

புது இசைக்குழு கண்டுபிடிக்கும் கலையில் பாதி இதுதான். என் இளமையில் கேசட்டுக்குள் மடித்து வைத்த தாளில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவில், நன்றிப் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் வரும் பெயர்களில் பாதி வேறு குழுக்கள். அந்தப் பட்டியல்தான் எங்களுக்குப் பாடப்புத்தகம்.

இன்று இணையத்தில் கேட்டாலும் அதே வேலையைச் செய்யலாம். நான்கு கேள்வி கேள்: இதில் வாசித்தவர்கள் வேறு எங்கே வாசித்தார்கள்? யார் பதிவு செய்தார்? எந்த நிறுவனம் வெளியிட்டது? இவர்கள் யார் பாட்டை எடுத்து வாசிக்கிறார்கள்?

ஓர் உதாரணம் காட்டுகிறேன். நேப்பாம் டெத் என்ற குழுவின் ‘ஸ்கம்’ ஆல்பம், 1987. தட்டின் முதல் பக்கத்தில் கிட்டார் வாசித்த ஜஸ்டின் பிராட்ரிக் பிறகு காட்ஃபிளெஷ் தொடங்கினார். இரண்டாம் பக்கத்தில் பாடிய லீ டோரியன் கத்தீட்ரல் தொடங்கினார். அதே பக்கத்தில் கிட்டார் வாசித்த பில் ஸ்டியர் கார்கஸ் குழுவின் ஆள். இரு பக்கமும் டிரம்ஸ் அடித்த மிக் ஹாரிஸ் பிறகு ஸ்கார்ன். ஒரே தட்டிலிருந்து நான்கு குழுக்கள், நான்கும் நான்கு திசை: ஒன்று இயந்திர ஓசை, ஒன்று ஆமை வேகம், ஒன்று கத்தி முனை, ஒன்று இருட்டான மின்னணு இசை.

அந்தத் தட்டை வெளியிட்டது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் டிக்பி பியர்சன் 1985இல் தொடங்கிய இயரேக் நிறுவனம். அந்த நிறுவனத்தின் பட்டியலைப் புரட்டிக்கொண்டே 2010க்கு வா. அங்கே ஒரு சிங்கப்பூர்க் குழு நிற்கும்: வோர்ம்ராட். நம் தீவின் மூன்று இளைஞர்கள், பேஸ் கிட்டாரே இல்லாமல், நிமிடத்துக்கும் குறைவான பாட்டுகளாக அடித்து நொறுக்கும் கிரைண்ட்கோர். 2017இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் வாசித்த முதல் சிங்கப்பூர்க் குழுவும் அவர்கள்தான். 2022இல் வந்த ‘ஹிஸ்’ ஆல்பத்தில் வயலின்கூட வருகிறது. ஆட்களைத் தொடர்ந்து உலகம் சுற்றினாய், கடைசியில் உன் ஊரிலேயே வந்து இறங்கினாய். இது அடிக்கடி நடக்கும்.

வேறொருவர் பாட்டை எடுத்து வாசிப்பதும் நல்ல தடயம். மெட்டாலிக்கா 1998இல் ‘கராஜ் இன்க்.’ என்று முழுக்க மற்றவர் பாட்டுகளையே வாசித்து வெளியிட்டது. டைமண்ட் ஹெட், பட்ஜி, மெர்சிஃபுல் ஃபேட் என்று தன் ஆசான்களை வரிசையாக நிறுத்திக் காட்டிய ஆல்பம். அதை ஒரு வாரம் கேட்டு, ஒவ்வொரு பாட்டின் மூலத்தையும் தேடு. ஒரு வருடத்துக்குச் சரக்கு கிடைத்துவிடும்.

4. ஆல்பத்தை முழுதாக, மூன்று முறை

ஒரு பாட்டின் முதல் இருபது விநாடி கேட்டுவிட்டு விரலால் தள்ளிவிடும் பழக்கத்துக்கு மெட்டல் பிடி கொடுக்காது. முதல் முறை கேட்கும்போது சுவர்தான் தெரியும். இரண்டாம் முறை சுவரில் கதவு எங்கே என்று தெரியும். மூன்றாம் முறைதான் உள்ளே போவாய். மூன்றாம் முறையும் வெளியிலேயே நின்றால் அந்தக் குழு உனக்கில்லை, மரியாதையாக விலகிக்கொள்.

நேரமில்லை என்று சொல்லாதே. ‘ரெய்ன் இன் பிளட்’ முழு ஆல்பமும் 29 நிமிடம்தான். 2024 ஜூனிலிருந்து மரீன் பரேடிலேயே எம்ஆர்டி நிலையம் வந்துவிட்டது. அங்கே தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் தடத்தில் ஏறி ஆல்பத்தை ஓடவிட்டால், வுட்லண்ட்ஸ் போய்ச் சேருமுன் பத்துப் பாட்டும் முடிந்துவிடும். வழியில் கைப்பேசியை எடுக்காதே. அது ஒன்றுதான் சிரமம்.

5. ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு நட

“பாடுறது ஒண்ணும் புரியலையே அங்கிள்” என்பது எல்லாரும் சொல்வது. ஆரம்பத்தில் உறுமும் குரலை வார்த்தையாகக் கேட்காதே, தாளத்தோடு சேர்ந்து ஓடும் இன்னொரு கருவியாகக் கேள். பிறகு பாடல்வரியைக் கையில் வைத்துக்கொண்டு கேள். சில வாரத்தில் சொல் தானாகப் பிரியும்.

டிரம்ஸ் குழப்பினால் தமிழனுக்கு ஒரு வசதி இருக்கிறது. தவில்காரர் ஒரு பக்கம் விரல் கூடுகளாலும் மறுபக்கம் குச்சியாலும் அடிப்பதை, இரண்டும் தனித்தனியாகவும் சேர்ந்தும் ஓடுவதை, கல்யாண வீட்டில் பக்கத்தில் நின்று கேட்டிருப்பாய். மெட்டல் டிரம்மரின் கால்கள் இரண்டும் கீழே டபுள் பேஸ் டிரம்மை ஓடவிட, கைகள் மேலே வேறு கணக்குப் போடுவதை அதே கவனத்தோடு பிரித்துக் கேட்கலாம். பேஸ் கிட்டார் காதில் விழவில்லையா? இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் வரியை மட்டும் பிடித்து முணுமுணுத்துப் பழகு, பிறகு அயன் மெய்டனுக்கு வா. அங்கே ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ்தான் முன்னால் குதிரையோட்டுகிறது. மெட்டல் கேட்கத் தொடங்கியதும் தமிழ்ப் பாட்டை மட்டமாகப் பேசும் சில தம்பிகளைப் பார்க்கிறேன். அது காதைச் சுருக்கும் வேலை.

6. இயந்திரம் சொல்வதைக் கேள். ஆனால் அதுவே குருவாக வேண்டாம்

கேட்டுக்கொண்டிருக்கும் செயலி அடுத்ததை நீட்டும். உனக்குப் பிடித்ததைப் போலவே இன்னொன்று, அதைப் போலவே இன்னொன்று. ஒரு மாதத்தில் பார்த்தால் ஒரே தெருவில் சுற்றிக்கொண்டிருப்பாய். உன்னைத் திடுக்கிட வைக்கும் குழுவை அது தராது, ஏனென்றால் நீ தள்ளிவிட்டுவிடுவாயோ என்ற பயம் அதற்கு.

அதற்கு மாற்று மருந்து இரண்டு. ஒன்று, மெட்டல் ஆர்க்கைவ்ஸ். கனடாவில் 2002இல் இரசிகர்கள் தொடங்கிய கலைக்களஞ்சியம் அது. நாடு, ஊர், வகை என்று தேடலாம். இன்னொன்று, 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப். அங்கே குழுவிடமே நேராக வாங்கலாம். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடலாம்.

விரல் போன போக்கில் ஒரு நாட்டைத் தேர்ந்தெடு. உன் கொள்ளுத்தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சிலோன் ரோட்டில் குடியேறியவரா? இலங்கை என்று போடு. கொழும்பின் ஸ்டிக்மாட்டா வரும், ஜெனசைட் ஷ்ரைன்ஸ் வரும். இந்தியா என்று போட்டால் பெங்களூரின் கிரிப்டோஸ், மும்பையின் டெமானிக் ரெசரக்ஷன், டெல்லியின் பிளடிவுட். மூன்றும் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழா வரை போய் வந்த குழுக்கள். இந்தோனேசியா என்றால் மேற்கு ஜாவாவின் காருட் ஊரிலிருந்து வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோட். 2014இல் பள்ளி மாணவிகளாகத் தொடங்கிய மூன்று பெண்கள். முக்காடு அணிந்துகொண்டே வாசிப்பவர்கள். 2024இல் கிளாஸ்டன்பரியில் ஏறிய முதல் இந்தோனேசியக் குழு. இவர்களையெல்லாம் தேடிப் போனால்தான் கிடைப்பார்கள்.

7. பெரிய மேடைக்குப் போ. சின்ன மேடையைத் தவறவிடாதே

மெட்டாலிக்கா இங்கே 1993இலும் 2013இலும் 2017இலும் வந்தது, அயன் மெய்டன் 2011இல் வந்தது. அவையெல்லாம் திருவிழா. சேமித்து வைத்துப் போ, சந்தோஷமாகக் கத்து. ஆனால் திருவிழாவில் புது நட்பு கிடைப்பது அரிது. உனக்கு வேண்டிய புதுக் குழு முப்பது பேர் நிற்கும் அறையில், முதல் ஆளாக, ஒலி சரியாக அமைவதற்கு முன்பே வாசித்துக்கொண்டிருக்கும். அதனால் நேரத்தோடு போ. கடைசிக் குழுவுக்குக் காசு கொடுத்தேன் என்று மெதுவாகப் போகிறவன் பாதி நிகழ்ச்சியை விட்டுவிடுகிறான்.

வாசித்து முடித்த குழு பின்னால் ஒரு மேசையில் சட்டையும் சிடியும் வைத்துக்கொண்டு நிற்கும். அவர்களிடம் போய், “நீங்க இப்ப யாரைக் கேக்கறீங்க?” என்று கேள். இசைக் கலைஞர்களுக்குத் தங்களைப் பற்றிப் பேச வெட்கம் வரலாம். தங்களுக்குப் பிடித்தவர்களைப் பற்றிப் பேச வெட்கமே வராது.

இடங்கள் நிலையல்ல என்பதையும் தெரிந்துகொள். ஆர்மீனியன் ஸ்திரீட்டில் நாடகக் கலைஞர் குவோ பாவ் குன் 1990இல் தொடங்கிய சப்ஸ்டேஷன், எத்தனையோ பங்க், மெட்டல் குழுக்களுக்கு முதல் மேடை. 2021இல் அந்தக் கட்டடத்தை விட்டு அது வெளியேற வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளிப்போடாதே; அடுத்த மாதம் அந்த அறை இல்லாமல் போகலாம். கையில் காசில்லாத மாதத்தில் எஸ்பிளனேடில் நடக்கும் பேபீட்ஸ் விழாவைப் பார்த்து வை. 2002இலிருந்து நடக்கும் இலவச விழா. மெட்டல் மட்டுமில்லாமல் எல்லா வகையும் இருக்கும். கிட்டார் பார்க்க, குழுச் சட்டை வாங்க பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் இன்னமும் இருக்கிறது.

8. விழுந்தவனைத் தூக்கு

மேடைக்கு முன்னால் முட்டி மோதி ஆடும் இடத்துக்குச் சட்டம் ஒன்றுதான்: யார் விழுந்தாலும் உடனே தூக்கிவிடு. மூக்குக்கண்ணாடி கிடைத்தால் உயரத் தூக்கிக் காட்டு. ஆட விரும்பாதவர்களை உள்ளே இழுக்காதே. பெண் பிள்ளைகள் பக்கத்தில் கையைக் கட்டுப்படுத்து; கூட்டம் சாக்காகாது. தொண்ணூறுகளில் இந்த ஆட்டத்துக்கு இங்கே தடையே இருந்தது. இன்று கிடைத்திருக்கும் இடத்தைக் கெடுத்துவிடாதே.

9. காது திரும்பக் கிடைக்காது

பணிபுரிவோர் காதுக்கு அமெரிக்க அமைப்பான நியோஷ் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மெட்டல் கச்சேரி அதை எளிதாகத் தொடும். ஆகவே காதடைப்பான் வாங்கு. இசைக் கலைஞர்களுக்கென்று செய்தது வாங்கினால் ஒலி மங்காமல் அளவு மட்டும் குறையும். ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் நிற்காதே. வீட்டுக்கு வந்த பிறகும் ‘கொய்ங்’ என்று கேட்டால் அது காது விடும் எச்சரிக்கை. அடுத்த இரண்டு நாள் அமைதியாக இரு. இந்த வயதிலும் நான் புதுக் குழு கேட்கிறேன் என்றால் காரணம் இதுதான்: காதில் பஞ்சு வைத்துப் போன காலம் தொட்டு காது விஷயத்தில் நான் கஞ்சன்.

10. எதைக் கேட்கிறாய் என்று தெரிந்து கேள்

நீண்ட முடிக்காக 1972இல் லெட் செப்பலினையே உள்ளே விடாத ஊர் இது. அதையெல்லாம் தாண்டி வந்துவிட்டோம். எழுபதுகளில் ஸ்வீட் சாரிட்டி குழுவில் முடி வளர்த்து ராக் பாடிய ரம்லி சாரிப், 2019இல் நம் தேசிய கீதத்தைத் தன் கரகரப்புக் குரலில் பாடி வெளியிட்டார். அந்தக் கீதத்துக்கு இசையமைத்த சுபிர் சயீத் இதே ஜூ சியாட் பிளேசில் வாழ்ந்தவர். ஊர் மெதுவாக மாறும், ஆனால் மாறும். ஆகவே அப்பா அம்மாவிடம் சண்டைக்குப் போகாதே. பாடல்வரியைக் காட்டு, பொருள் சொல்லு. முடி விஷயத்தில் கவலையே வேண்டாம், தம்பி. தேசிய சேவை அதைப் பார்த்துக்கொள்ளும்.

அதே சமயம் கண்ணை மூடிக்கொண்டும் கேட்காதே. நார்வேயில் 1992, 93 காலத்தில் தேவாலயங்களைக் கொளுத்தியவர்களிலும் கொலை செய்தவர்களிலும் மெட்டல் கலைஞர்கள் இருந்தார்கள். வெறுப்பைப் பாடும் குழுக்கள் இன்றும் இருக்கின்றன. 2019 மார்ச் 7 அன்று சுவீடனின் வட்டேன் குழுவின் கச்சேரி நடக்க வேண்டிய அதே நாளில் இங்கே ரத்து செய்யப்பட்டது. சமய உணர்வு பற்றிய கவலைதான் காரணம். அந்த முடிவு சரியா தவறா என்று எங்கள் கூட்டத்திலேயே இன்னும் இரு கட்சி. நீயும் ஒரு கருத்து வைத்துக்கொள். ஆனால் கருத்துச் சொல்லுமுன் அந்தக் குழு என்ன பாடுகிறது, பேட்டியில் என்ன சொல்கிறது என்று படித்திரு. கிட்டார் ரிஃப் நன்றாக இருந்தால் ஆளும் நல்லவன் என்று பொருளில்லை. பக்கத்து வீட்டு மலாய்த் தோழனும் சீனத் தோழியும் முகம் சுளிக்காமல் உன்னோடு கேட்க முடியுமா என்பது இந்த ஊரில் நல்ல உரைகல்.

11. யாரிடமும் சான்றிதழ் கேட்காதே. கலைஞனுக்குக் காசு கொடு

“அந்தச் சட்டை போட்டிருக்கியே, அவங்க பாட்டு மூணு சொல்லு பார்ப்போம்” என்று, குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், பரீட்சை வைக்கும் ஆட்கள் உண்டு. நீ அப்படி ஆகிவிடாதே. தெரியாதவளாக இருந்தால் ஒரு பாட்டைச் சொல்லிக் கொடு. அதற்குத்தானே முன்னால் வந்தவர்கள் இருக்கிறோம். 2012இல் பிரான்சில் வோர்ம்ராட் வாசித்தபோது முன்வரிசையில் ஓர் ஆடு நின்று கேட்டது. பிக்கெட் என்று பெயர்; பண்ணையில் வளர்ந்த பெண் ஆடு. அந்தப் படம் உலகம் முழுக்கப் பரவியது. ஆட்டிடம் யாரும் மூன்று பாட்டு கேட்கவில்லை.

காசு விஷயம்: இலவசமாகக் கேள், பிடித்தால் ஏதாவது ஒன்று வாங்கு. பாட்டு ஓடும் எண்ணிக்கையில் சின்னக் குழுக்களுக்குச் சில்லறைகூடத் தேறாது. ஒரு சட்டை விற்றால் அடுத்த ஒத்திகை அறைக்கு வாடகை ஆகும். இந்தோனேசியாவின் அதிபராக இருந்த ஜோக்கோ விடோடோ பழைய மெட்டல் இரசிகர். 2017இல் டென்மார்க் பிரதமர் அவருக்கு ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ சிறப்புப் பெட்டியைப் பரிசளித்தார். அரசுப் பரிசு என்பதால் அதை ஊழல் ஒழிப்பு ஆணையத்திடம் ஒப்படைத்து, பிறகு ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் ரூபியா தன் கைக்காசைக் கட்டித் திரும்ப வாங்கிக்கொண்டார். அதிபரே விலை கொடுத்து வாங்குகிறார். நீ மாதம் பதினைந்து வெள்ளி ஒதுக்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

12. கேட்டதைக் கைமாற்று

இணையம் வருவதற்கு முன்னால், இரசிகர்கள் வெற்றுக் கேசட்டில் பதிவு செய்து, உறையில் போட்டு, முகம் தெரியாத ஒருவருக்குப் பிரேசிலுக்கோ போலந்துக்கோ அனுப்புவார்கள். பதிலுக்கு அங்கிருந்து ஒன்று வரும். எண்பதுகளின் கடைசியில் தொடங்கிய நம் ஊர் அப்ஹாரரும் 1990இல் தொடங்கிய இம்பையட்டியும் வெளிநாட்டில் பெயர் வாங்கியது இந்தத் தபால்காரர்களின் தோளில் ஏறித்தான். 1985இல் இங்கே நகல் எடுத்த தாள்களாகத் தொடங்கிய ‘பிக் ஓ’ இதழ் உள்ளூர் ராக் குழுக்களுக்கு இடம் கொடுத்தது. காசுக்காகச் செய்தவர்கள் இல்லை. “இதைக் கேட்டுப் பாரேன்” என்று சொல்ல ஆள் தேடியவர்கள்.

இன்று தபால்தலை செலவுகூட இல்லை. ஆனால் நூறு பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் இணைப்பை யாரும் திறப்பதில்லை. ஒருவருக்கு, அவர் பெயர் சொல்லி, ஏன் அவருக்குப் பிடிக்கும் என்று இரண்டு வரி எழுதி, ஒரே ஓர் ஆல்பம் அனுப்பு. சோகத்தில் இருக்கும் தோழனுக்கு வேகமானதை அனுப்பாதே. மெதுவான டூம் மெட்டல் அனுப்பு. பரீட்சைக்குப் படிப்பவளுக்குக் குரல் இல்லாததை அனுப்பு. பெறுபவரை மனதில் வைத்துத் தேடத் தொடங்கினால் உன் காதும் கூர்மையாகும். உனக்காக மட்டும் தேடும்போது கவனிக்காத குழுக்களெல்லாம் கண்ணில் படும்.

முதல் மாதத்துக்குப் பாடம் கேட்பவர்களுக்கு: முதல் வாரம் ருத்ரா. இரண்டாம் வாரம் பிளாக் சப்பத்தின் முதல் ஆல்பமும் ‘ரெய்ன் இன் பிளட்’டும். மூன்றாம் வாரம் ‘ஸ்கம்’, அதிலிருந்து பிரிந்த நான்கில் ஏதாவது ஒன்று, பிறகு வோர்ம்ராட். நான்காம் வாரம் உனக்குப் பெயரே தெரியாத ஒரு நாட்டுக் குழு, ஒரு சின்ன மேடை நிகழ்ச்சி, ஒருவருக்கு அனுப்பும் ஓர் ஆல்பம். முடித்துவிட்டு, “ஒண்ணுமே பிடிக்கல அங்கிள்” என்று சண்டைக்கு வந்தாலும் சரி, நாற்காலி இருக்கிறது. ஆனால் மூன்று முறை கேட்டுவிட்டு வா; கோப்பியும் நீதான் வாங்கித் தரவேண்டும்.